ஒப்பீட்டுக்கு ஒரு விரல்

கையை அசைக்காமல் வைத்திருப்பது குணசுந்தரிக்கு ஒரு பொருட்டே அல்ல. பொதுப்பணித் துறையில் வரைவாளராகக் கால் நூற்றாண்டுக் காலம் வாய்க்கால்களையும் மதகுகளையும் கரைகளையும் மைப்பேனாவால் இழுத்தவள் அவள். மூச்சை எந்த இடத்தில் நிறுத்தினால் கோடு பிசிறில்லாமல் விழும் என்பது அவளைவிட அவள் விரல்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே, "கொஞ்சங்கூட ஆட்டாம வெச்சுக்கணும்மா" என்று டாக்டர் மெஹருன்னிசா சொன்னபோது, போயும் போயும் என்னிடமா சொல்கிறாய் பெண்ணே என்று ஒரு சின்ன கர்வங்கூட உள்ளே எட்டிப் பார்த்தது. இடது கை மோதிர விரல் ஒரு சிறிய மெத்தையின் மேல் கிடந்தது. நகம் முளைக்கிற இடத்துத் தோலில் ஒரு சொட்டு எண்ணெய். எண்ணெயின் மேல், தொட்டும் தொடாமலும், தடித்த பேனாவைப் போன்ற ஒரு நுண்நோக்கி. அதன் வாலாகப் போன கம்பி மேசையிலிருந்த திரையில் போய் முடிந்தது. திரையில் இன்னும் ஒன்றும் தெளியவில்லை, இளஞ்சிவப்பாக ஏதோ கலங்கிக்கொண்டிருந்தது. "கை நடுங்குதேம்மா. குளிருதா? ஏசிய நிறுத்திட்டனே." குளிரவில்லை. குளிருக்கு நடுங்குகிற கை இல்லை இது. தோளுக்குள், கழுத்துக்குள், பல்லுக்குள் இரண்டு நாளாக இறுக்கிப் பிடித்து வைத்திருந்தது இப்போது வழி தேடி விரல் நுனிக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பெயர் கோபம் என்று இந்தப் பெண்ணிடம் சொல்லலாமா? "ஒண்ணுமில்லம்மா, சரியாயிடும்," என்றாள் குணசுந்தரி. சொல்லிவிட்டு அந்தச் சொல்லின் மேலேயே எரிச்சல் கொண்டாள். சரியாயிடும். வீட்டில் குழாய் ஒழுகினாலும், மகன் தேர்வில் தவறினாலும், கணவனின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன என்று மருத்துவர் சொன்னபோதும், வாயில் முதலில் வந்து நின்ற சொல் இதுதான். எதைச் சரியாக்கியது அது?

கீழ்த்தளத்தில் அவள் கணவர் ராஜமாணிக்கம் டயாலிசிஸ் எந்திரத்தோடு பிணைக்கப்பட்டுப் படுத்திருந்தார். இந்த இளம் டாக்டர் தன் ஆராய்ச்சிக்காகச் சிறுநீரக நோயாளிகளின் நகக்கண்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். அவற்றோடு வைத்துப் பார்க்க, நோயில்லாதவர்களின் படங்களும் வேண்டியிருந்தன. "கூட வந்தவங்க யாராவது வர்றீங்களா? வலிக்காது. சும்மா ஒப்பிட்டுப் பாக்கத்தான்," என்று வாசலில் நின்று கேட்டாள். குணசுந்தரி வாயைத் திறப்பதற்குள் அவள் நாத்தனார் பத்மாவதி, காப்பி பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே, "இவள அழைச்சிக்கிட்டுப் போங்க டாக்டரம்மா. இரும்பு ஒடம்பு. இவ தும்மிக்கூட நான் பாத்ததில்ல," என்றாள். படுக்கையிலிருந்து ராஜமாணிக்கமும் சிரித்தார். இரும்பு. மதகுப் பலகையும் இரும்புதான் அண்ணி. அதற்குக்கூட ஆண்டுக்கொரு முறை ஆள் வந்து, திருகிப் பார்த்து, எண்ணெய் விட்டு, வண்ணம் பூசிவிட்டுப் போவார்கள். அந்த எண்ணெயில் ஒரு சொட்டு இன்றைக்குத்தான் இந்த விரலில் விழுந்திருக்கிறது. அதுவும் இந்த விரலுக்காக இல்லை. மற்றவர்களுடைய விரல்கள் எவ்வளவு கெட்டிருக்கின்றன என்று தெரிந்துகொள்வதற்காக.

அதிலும் இந்த விரல் கிடைத்ததே ஒரு விபத்து. பத்மாவதி அண்ணியின் மகளுக்கு முந்தாநாள் வளைகாப்பு. அதற்கு முந்தின மாலை மருதாணி அரைத்தது குணசுந்தரி. புளியும் கொட்டைப்பாக்கும் சேர்த்து, திப்பி இல்லாமல், வெண்ணெய்போல அரைப்பது அவளுக்குத்தான் வரும் என்று அம்மியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு எல்லாரும் போய்த் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துகொண்டார்கள். கர்ப்பிணிக்கு வைத்துவிட்டது அவள். வந்திருந்த பெண்களுக்கெல்லாம் உள்ளங்கையில் வட்டமும் விரல் நுனிகளில் தொப்பியும் வைத்துவிட்டது அவள். கடைசியில் தன் கைக்கு வைத்துக்கொண்டபோது வலது கை முடிந்து, இடது கையில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் முடிந்து, கிண்ணத்தின் அடியைக் குச்சியால் வழித்துப் பார்த்தால் பச்சைத் தண்ணீர்தான் இருந்தது. மோதிர விரலும் சுண்டுவிரலும் மொட்டையாக நின்றன. "ஐயோ, அத்தைக்குப் பத்தலையே," என்றது கர்ப்பிணிப் பெண். "இன்னொரு பிடி பறிச்சு அரைச்சிக்கிட்டாப் போச்சு," என்றாள் பத்மாவதி அண்ணி, எழுந்திருக்காமல். இன்று டாக்டர் அவள் இரண்டு கைகளையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அடடா, மருதாணி இருந்தா உள்ள ஒண்ணும் தெரியாதேம்மா," என்று உதட்டைப் பிதுக்கினாள். அப்புறம் முகம் மலர்ந்தது. "இந்த ரெண்டு விரல்ல இல்ல! எனக்கு இந்த ரெண்டுதான் வேணும். இதுலதான் தோல் மெல்லிசா இருக்கும். எனக்காகவே விட்டு வெச்ச மாதிரி இருக்கு!" யாருக்காகவும் விட்டு வைக்கவில்லை பெண்ணே. எல்லாருக்கும் போக மிஞ்சாமல் போன இடம் இது.

மருதாணியோடு நின்றிருந்தால் பற்கள் இப்படி இறுகியிருக்க வேண்டியதில்லை. வளைகாப்பன்று, வளையல் அடுக்கி முடித்து, ஐந்து வகைச் சாதமும் பரிமாறிக்கொண்டிருந்தபோது, அவள் கையில் புளிசாத வாளி. பந்தியின் நடுவில் பத்மாவதி அண்ணி எழுந்து நின்றாள். "ஒரு நல்ல சேதி. எந் தம்பிக்கு நல்ல காலம் பொறந்துடுச்சு. குணா கிட்னி குடுக்கறா! வர்ற திங்கக்கிழமை டெஸ்ட்டு." கரண்டி அந்தரத்தில் நின்றது. குணா குடுக்கறா. யாரிடம் சொன்னாள் குணா? எப்போது? அண்ணிக்கு ரத்தக்கொதிப்பு, அதனால் முடியாது, சரி. கொழுந்தனார் கடையில் மூட்டை தூக்குகிற ஆள், அவர் மனைவி விடமாட்டாள், சரி. மகனைக் கேட்டபோது, அவன் வாழவேண்டிய பிள்ளை என்று தடுத்தவள் குணாவேதான், அதுவும் சரி. இத்தனை பேரிடமும் ஒரு வார்த்தை, கூடத்தில் உட்கார வைத்து, காப்பி கொடுத்து, தயங்கித் தயங்கி, முடியாது என்று சொல்ல இடம் விட்டு, கேட்டார்கள். கேட்கப்படாமல் விடுபட்டவள் ஒருத்தி மட்டுந்தான். சட்டியில் அள்ள அகப்பை எடுப்பவர்கள் சட்டியிடம் கேட்பார்களா? இலையில் உட்கார்ந்திருந்த கிழவிகள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, "மகராசி! தாலிக்கு வேலி கட்டிக்கிட்டியே!" என்றார்கள். யாரோ அவள் தலையில் பூ வைத்தார்கள். அவள் ராஜமாணிக்கத்தைப் பார்த்தாள். அவர் இப்போது தலையை நிமிர்த்தினால் போதும், அக்கா, அவகிட்ட இன்னும் நான் பேசல என்று ஒரு சொல் சொன்னால் போதும், அங்கேயே, அந்த வாளியை வைத்துவிட்டு, சிறுநீரகம் என்ன, இரண்டு கண்ணையும் சேர்த்துக் கொடுத்திருப்பாள். அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு அப்பளம் ஆகாது, உப்பு. அந்த நேரத்திலும் அவள் வாயில் வந்தது, "அத எடுத்து வெச்சிடுங்க, உப்பு," என்பதுதான். அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். "பாத்தியா, இப்பவே கிட்னிய காவல் காக்கறா!" வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. இரவெல்லாம் அந்த வேண்டாம் வாய்க்குள் உருண்டு, காலையில் கெட்டிப்பட்டு, இப்போது பல்லிடுக்கில் ஒரு பாக்குத்துண்டுபோல இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் துப்பவேண்டும்.

"வந்திடுச்சும்மா," என்றாள் டாக்டர். திரையில் இளஞ்சிவப்பு விலகி, கோடுகள் எழுந்து வந்தன. சென்ற வாரம் ராஜமாணிக்கத்தின் படத்தை இதே திரையில் காட்டி இவள் விளக்கியிருந்தாள். "நல்லா இருக்கிறவங்களுக்கு, கொண்டை ஊசிய வரிசையா அடுக்கி வெச்ச மாதிரி இருக்கும். சாருக்குப் பாருங்க. முறுக்கிக்கிட்டு, கிளை கிளையாப் பிரிஞ்சு, நடுநடுவுல காலியா இருக்கு. இந்தப் பழுப்புப் புள்ளியெல்லாம் ரத்தம் கசிஞ்ச எடம். கிட்னிக்குள்ள இருக்கிறதும் இந்த மாதிரி சின்னக் குழாய்ங்கதான். அதத் தொறந்து பாக்க முடியாது, இதப் பாக்கலாம்." குணசுந்தரிக்கு அது உடனே புரிந்தது. தலைமதகில் நின்று ஆற்றைப் பார்த்தால் எப்போதும் தண்ணீர் அலையடித்துக்கொண்டுதான் இருக்கும். வாய்க்கால் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் கடைமடைக்குப் போக வேண்டும். அங்கே வயல் வெடித்துக் கிடந்தால், மேலே எங்கோ கரை உடைந்திருக்கிறது, எங்கோ மண் மேடிட்டிருக்கிறது, எவனோ நடுவில் திருப்பிக்கொண்டிருக்கிறான். அதுபோல ரத்தத்துக்குக் கடைமடை நகக்கண். இப்போது திரையில் இருப்பதை முதலில் அவள் ஒரு வரைவாளராகத்தான் பார்த்தாள்; யார் வரைந்தது இதை, எந்தப் பயிற்சிப் பையனின் கை இது என்று முகம் சுளித்தாள். ஓரத்தில் நாலைந்து கொண்டை ஊசிகள் ஒழுங்காக நின்றன. அதற்கப்புறம் ஒன்று கொழுத்து, வீங்கிய புழுவைப்போல வளைந்து கிடந்தது. அடுத்தது தன்மேலேயே முறுக்கிக்கொண்டிருந்தது. அதையடுத்து ஒன்றுமில்லை. வெறும் வெளி. வெடித்த வயல். அப்பால் ஒரு பழுப்புப் புள்ளி, தாளில் மை சொட்டினாற்போல. பழைய படத்தைத் தவறுதலாகப் போட்டுவிட்டாள் என்று நினைத்தாள். விரலை இம்மியளவு நகர்த்தினாள். படமும் நகர்ந்தது.

டாக்டர் குவியத்தைத் திருகினாள், இன்னும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள், சுண்டுவிரலுக்கு மாறினாள், மறுபடியும் மோதிர விரலுக்கு வந்தாள். பிறகு, ஏதோ தூசியைத் துடைப்பவள்போல, திரையைக் கொஞ்சம் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். "திருப்பாதீங்க," என்றாள் குணசுந்தரி. தன் குரல் அவ்வளவு கூர்மையாக இருக்குமென்று அவளே எதிர்பார்க்கவில்லை. "எனக்குப் படம் பாக்கத் தெரியும். அவரோடது மாதிரிதான இருக்கு?" டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அந்த அளவுக்கு இல்லம்மா. இத மட்டும் வெச்சு ஒண்ணும் சொல்லவும் முடியாது. நகம் கடிச்சாலே ரெண்டு குழாய் கெட்டுப்போகும்." "நான் நகம் கடிக்கிறதில்ல." "பாத்திரம் தேய்க்கிற சோப்பு..." "எல்லாப் பொம்பளையும்தான் தேய்க்கிறா." டாக்டர் கையுறையைக் கழற்றினாள். "பிபி எப்பப் பாத்தீங்க கடைசியா?" இது என்ன கேள்வி. கேள்வி தலைக்குள் போய் ஒரு முள்ளில் மாட்டிக்கொண்டு நின்றது. எப்போது? வீட்டில் கருவி இருக்கிறது. சாப்பாட்டு மேசையில், ஊறுகாய் பாட்டில்கள் இருந்த இடத்தில், அவருக்காக வாங்கி வைத்தது. காலையில் பல் துலக்கியதும் அவர் கையை நீட்டுவார், அவள் பட்டையைச் சுற்றுவாள், பொத்தானை அழுத்துவாள், எண்ணைச் சொல்வாள். மாலையிலும் அப்படியே. எத்தனையோ ஆண்டுகளாக. அந்தப் பட்டை ஒருநாள், ஒரே ஒருநாள்கூட, இந்தக் கையில் ஏறியதில்லை. பின்மண்டையில் யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போன்ற தலைவலி வந்த ஒரு மாலையில் எடுத்துச் சுற்றப் போனாள், அண்ணி வந்திருந்தாள், "அட, ஒனக்கெதுக்குடி, பேட்டரி வீணு," என்று சிரித்தாள், அவளும் சிரித்து, சுருட்டி வைத்துவிட்டு, ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டுக் கீரை ஆயப் போனாள். சிரித்தாளே! அதை நினைக்கத்தான் இப்போது தாங்கவில்லை.

"பாத்ததே இல்ல," என்றாள். "தலைவலி, கால் வீக்கம் ஏதாவது?" மாலையில் மெட்டி விரலைக் கவ்விக்கொண்டு வராது, சோப்பு போட்டுத்தான் கழற்ற வேண்டும். உட்கார்ந்தே வேலை பார்க்கிறவளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் ஒரு தீர்ப்பு இருந்தது. அவருடைய கணுக்காலில் விரலை அழுத்தி, குழி எவ்வளவு ஆழம் என்று நாள்தோறும் பார்க்கத் தெரிந்தவளுக்கு, அந்த விரலைத் தன் காலுக்குக் கொண்டுபோகத் தெரியவில்லை. காயை நறுக்கி, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்து, சத்தில்லாமல் சாரமில்லாமல் அவருக்குப் பக்குவம் செய்தாள். கொட்டுவதற்கு மனசில்லாமல், மிஞ்சிய அப்பளமும் மோர்மிளகாயும் வைத்து அவள் சாப்பிட்டாள். பயம் அப்போதுதான் வந்தது. கோபத்தின் கதவைத் திறந்துகொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல். கீழே அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டில். இன்னொரு கை நீட்டிக் கிடக்கிறது. வளையல் கழற்றிய கை. எந்திரம் சுற்றுகிறது. அப்படியானால் எனக்கு யார் காயை இரண்டு தண்ணீரில் வேகவைப்பார்கள்? யார் குடிநீரை அளந்து ஊற்றி, தாகத்துக்கு ஒரு ஐஸ் கட்டியை வாயில் வைப்பார்கள்? ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள். எல்லா முகமும் அவள் பரிமாறுவதற்காக இலைக்கு முன்னால் காத்திருந்தது. வேண்டாம், இதற்குள் போகாதே, படத்தை மட்டும் பார். படத்தில் அந்த வெற்றிடம். கோபம் திரும்பி வந்தது. நல்லவேளை என்றுகூட இருந்தது. பயத்தோடு தனியாக உட்கார முடியாது, கோபத்தோடு முடியும்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த எண்ணம் வந்து, மற்ற எல்லாவற்றையும்விட ஆழமாகக் குத்தியது. சிறுநீரோ ரத்தமோ சோதித்து, இந்த விரல் சொல்வது மெய்யென்று ஆகிவிட்டால், திங்கட்கிழமைக்கு வேலையே இல்லை. கொடுக்கத் தகுதியில்லாத உடம்பு என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஊர் முழுக்கச் சொல்வாள்: பாவம், குடுக்கணும்னு துடிச்சா, குடுத்துவைக்கல. அதே கிழவிகள் அதே கன்னத்தில் கை வைப்பார்கள். மகராசி என்ற பட்டம் அப்படியே நிற்கும். இரண்டு நாளாக உருட்டி, இரவெல்லாம் விழித்து, பயந்து, குற்றவுணர்ச்சியில் வெந்து, அப்படியும் அவள் கெட்டிப்படுத்தி வைத்திருந்த அந்த வேண்டாம், வாழ்நாளில் அவளுக்கென்று விளைந்த ஒரே சொல், சொல்லப்படாமலே மடியும். சரி என்பதை அண்ணி சொல்லிவிட்டாள். வேண்டாம் என்பதை இந்த விரல் சொல்லிவிடப் போகிறது. நடுவில் குணசுந்தரி எங்கே? இந்த உடம்புகூட என்னைக் கேட்கவில்லையே! எண்ணெய் வழிந்த அந்த விரலை அவள் மெத்தையிலிருந்து எடுத்தாள். புடவைத் தலைப்பில் அழுத்தித் துடைத்தாள். மருதாணியில்லாத, வெளிறிப்போன, ஒரு சாதாரண விரல். பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

"இப்பவே ஒரு தடவ பிபி பாத்திடலாம்மா. அப்பறம் யூரினும் பிளட்டும் குடுத்திட்டுப் போங்க," என்று டாக்டர் சுவரோரமிருந்த கருவியை இழுத்து வந்தாள். அப்போது கதவு திறந்தது. தட்டாமல் திறப்பது ஒரே ஒருத்திதான்.

"இன்னுமா முடியல? அங்க அவன் ஐஸ் கட்டி, ஐஸ் கட்டின்னு உசிர வாங்கறான். நீ வெச்சாத்தான் ஆகுமாம்," என்றாள் பத்மாவதி அண்ணி. பிளாஸ்க்கை மேசையில் வைத்தாள். "திங்கக்கிழமை வெறும் வயித்துல வரணுமாம்டி, நர்ஸ் சொல்லுச்சு. எப்பிடி டாக்டரம்மா, எங்க இரும்பு தேறுமா?"

டாக்டர் வாயைத் திறந்து, சொல்லலாமா என்று குணசுந்தரியைப் பார்த்தாள். குணசுந்தரி நாற்காலியில் நிமிர்ந்தாள்.

"அண்ணி, நான் கிட்னி குடுக்கப் போறதில்ல."

அண்ணி சிரித்தாள். அப்புறம் சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றாள். "என்னடி ஒளர்ற? டாக்டரம்மா ஏதாச்சும் சொன்னாங்களா? ஏதாச்சும் கோளாறா?"

"அவங்க ஒண்ணும் சொல்லல. இனிமே சொன்னாலும் சொல்லுவாங்க. அது வேற. இது நான் சொல்றது."

"பந்தியில அத்தன பேரு முன்னாடி..."

"பந்தியில நீங்க சொன்னீங்க. என்னைய யாரும் கேக்கல. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு இப்ப எனக்கே தெரியாது. இப்ப கேட்டாலும் கேக்காட்டியும், மாட்டேன்."

"அவன் என் தம்பிடி. உனக்குப் புருஷன்."

"ஐஸ் கட்டிய நான் கொண்டுபோய்க் குடுக்கறேன். அவர்கிட்டயும் நானே சொல்லிக்கறேன். நீங்க முந்திக்காதீங்க." குரல் பிசிறவில்லை, ஒரே மூச்சில் இழுத்த கோடு. அண்ணி எதையோ சொல்ல வந்து, பிளாஸ்க்கை எடுத்து, திரும்ப வைத்து, அதை மறந்துவிட்டு வெளியே போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

பிறகு குணசுந்தரி ரவிக்கையின் கையை மேலே ஏற்றிவிட்டு, மருதாணி சிவந்த வலது கையை மேசையின்மேல் நீட்டினாள். "இப்பப் பாருங்க டாக்டர்."

பட்டை இறுகத் தொடங்கியது. எலும்புவரைக்கும் இறுகியது. இவ்வளவு இறுகுமென்று அவர் ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.